மூன்று நட்சத்திரம், அதுவும் யோசித்துத்தான்

மூன்று வருடங்களுக்கு முன் இதே தையல் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, நீளமாகத் திட்டி எழுதியவள் நான்தான். தங்கை கல்யாணத்துக்கு எடுத்த மயில்கழுத்து நிறப் பட்டு. அளவு ஜாக்கெட் கொடுத்தும் கையை இறுக்கி வைத்துவிட்டார் அந்த அம்மா. பிரித்துவிடலாம் என்றால் உள்ளே துணியே விடவில்லை. கேட்டதற்கு, "நீங்கள் சதை போட்டிருப்பீர்கள்" என்றார். முகூர்த்தத்தில் அம்மாவின் பழைய ரவிக்கையோடு நின்றேன்.

அன்று இரவே எழுதினேன். அரை மணி நேரம் மனம் குளிர்ந்தது. அப்புறம் யார் யார் படித்தார்கள் என்று தினமும் திறந்து பார்க்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. பாளையங்கோட்டையில் தெரு முனையிலேயே கடை இருக்க, டவுனுக்கு ஆட்டோவில் போய்த் தைத்தேன். தையல் கூலியைவிட ஆட்டோ கூலி அதிகம்.

நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறவள் என்பதுதான் வெட்கம். 2004இல் வெளிவந்த ஜூரிக் பல்கலைக்கழக ஆய்வை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்: ஏமாற்றியவரைத் தண்டிக்க ஆட்கள் தம் கைக்காசையும் இழக்கத் துணிந்தார்கள், அப்போது மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதி சுறுசுறுப்பானது. கார்ல்ஸ்மித், வில்சன், கில்பர்ட் மூவரும் 2008இல் மிச்சக் கதையைச் சொன்னார்கள்: பழிதீர்த்தவர்களுக்கு, அந்த வாய்ப்பே கிடைக்காதவர்களைவிட மனம் கெட்டுப்போயிருந்தது, ஏமாற்றியவரையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாணவிகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள். நான் ஆட்டோ பிடிக்கப் போவேன்.

போன மாதம் முழங்கால் வலி. ஆட்டோவில் ஏற முடியவில்லை. மன்னித்துவிட்டுத்தான் இங்கே போனேன் என்றால் அது பொய். அளவு ஜாக்கெட்டை நீட்டினேன், வாங்கவில்லை. "ஆளையே அளந்துவிடுகிறேன், டீச்சர்" என்று டேப்பை எடுத்தார். கைச்சுற்றை இரண்டு முறை அளந்தார். "நீங்கள் எழுதியதைப் பையன் படித்துக் காட்டினான்" என்றார், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். அதற்குமேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

லைனிங் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டியிருக்கிறார். கை கச்சிதம். உள்ளே இரு பக்கமும் ஓர் அங்குலம் துணி விட்டு, ஓரம் ஓவர்லாக் அடித்திருக்கிறார். ஆனால் சொன்ன தேதிக்கு இரண்டு நாள் தாமதம். முதல் நாளே ஒரு கொக்கி கழன்றது. ஆகவே மூன்றுதான்.

அந்தக் கல்யாண ஜாக்கெட்டையும் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அக்குளில் ஒட்டுத்துணி வைத்துத் தரலாமாம். நிறம் பொருந்தும் துணி தேடிக்கொண்டிருக்கிறார். அதற்குக் கூலி கேட்டால் இரண்டாகக் குறைத்துவிடுவேன்.