மலையில் எறும்பில்லாத வேன்: பல பருவங்கள் பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

பழனி மலையில் கேம்பர் வேனில் தங்குகிறவர்கள் யானைக்கும் காட்டுமாட்டுக்கும் அஞ்சுவார்கள். உண்மையில் தினமும் தூக்கத்தைக் கெடுப்பது எறும்புதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் எனக் கீழ்மலையின் காப்பித் தோட்டங்களில் இது மிக அதிகம். நாங்கள் ஒரு டெம்போ டிராவலரைப் படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டியோடு மாற்றியமைத்து, தோட்டக்காரர்களிடம் அனுமதி பெற்று அவர்கள் களத்தில் நிறுத்தித் தங்குகிறோம். உடன் வரும் மாமியாருக்கு ஆஸ்துமா. மகளுக்கு நான்கு வயது. கீழே விழுந்ததை எடுத்து வாயில் போடுகிற பருவம். மருந்தடித்துவிட்டுக் கதவடைத்து அந்தச் சிறிய இடத்துக்குள் உறங்குவது எங்களுக்கு இயலாது. நான் இங்கே சொல்வதெல்லாம் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் தேறியவை.

எறும்பைக் கொன்று மாளாது. வண்டிக்கு வரும் வழியை அறுப்பதுதான் பலன் தருகிறது. வீட்டைவிட வேனுக்கு இதில் பெரிய வசதி உண்டு: அது தரையைத் தொடும் இடங்களை எண்ணிவிடலாம். சக்கரங்கள், ஜாக்கிகள், மின் வயர், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், இறங்கும் படி, பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கூரைத்துணியின் கயிறுகள். இவற்றோடு வண்டியை உரசும் கிளையும் உயர்ந்த புல்லும். அவ்வளவுதான்.

நிறுத்தும் இடத்தில் பாதி வேலை முடிந்துவிடும். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு தோட்டத்தின் மூத்த காவலாளி, ஆரஞ்சு மர நிழலில் வண்டியை ஒதுக்கப்போன எங்களைத் தடுத்தார். “இந்த மரத்தடி வேண்டாம், தாயி. இலையைத் தொட்டுப் பாருங்கள், பிசுபிசுக்கும்” என்றார். இலை ஒட்டியது, மேலே கரி பூசியதுபோல் ஒரு படலம். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதற்காக எறும்புகள் அந்தப் பூச்சிகளைக் காவல் காத்து வளர்க்கின்றன. இலையில் படியும் இனிப்பில் கரும்பூஞ்சை பிடிக்கிறது. காப்பிச் செடி, ஆரஞ்சு, கொய்யா எதுவானாலும் இலை கறுத்து ஒட்டினால் அந்த மரத்தில் எறும்புப் போக்குவரத்து ஓயாது என்று பொருள். அன்றிலிருந்து வண்டியை நிறுத்துமுன் இலையைத் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. அடிவாரத் தோப்புகளில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: மாமரத்தில் இலைகளைச் சேர்த்துப் பின்னிய, முசுறு எனும் செவ்வெறும்பின் கூடு. அந்த மரத்தில் கூரைத்துணிக் கயிற்றைக் கட்டினால் நாமே பாலம் போட்டுக் கொடுத்ததாகும்.

பொடி வகைகளைப் பற்றி இணையத்தில் நிறையப் புகழ்கிறார்கள். மஞ்சள்தூள், சுண்ணாம்பு, டயாட்டம் மண் (நுண்பாசிகளின் ஓடுகள் படிந்த மண்ணின் பொடி) எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். சமவெளியில் வேலை செய்யும் பொடி மலையில் ஒரே இரவில் சேறாகிவிடுகிறது. டயாட்டம் மண் எறும்பின் மேல்தோலிலுள்ள மெழுகுப் பூச்சைச் சிதைத்து உடலை உலர வைப்பது. காய்ந்திருந்தால்தான் அதற்குப் பலன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மற்ற பெரும்பாலான மாதங்களில் விடியற்காலைப் பனியும் மேகமும். ஆகவே பிப்ரவரி, மார்ச் மாத வறட்சியில் சக்கரத்தைச் சுற்றிப் போட மட்டும் ஒரு டப்பா வைத்திருக்கிறேன். தூவும்போது மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாமியார் அந்நேரம் தள்ளியிருப்பார். எறும்பு சாக்பீஸை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி. குழந்தைக்கு அது எழுதும் சாக்பீஸ். மலை ஈரத்துக்கோ அது நிற்பதும் இல்லை.

எந்தப் பருவத்திலும் கைவிடாதது தண்ணீர்தான். நம் வீடுகளில் சமையலறை அலமாரியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்களே, அதே முறை. ஒவ்வொரு ஜாக்கிக்கும் அகலமான அலுமினியத் தட்டு, அதற்குள் விளிம்பைத் தொடாத ஒரு பலகை, பலகை மேல் ஜாக்கி, சுற்றிலும் தண்ணீர். அதில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விடுவது அவசியம். வெறும் தண்ணீரின் மேற்பரப்பில் சிற்றெறும்பு மூழ்காமல் கடந்துவிடும். காற்றில் ஓர் இலை விழுந்தாலும் பாலமாகிவிடும் என்பதால் மாலையில் ஒருமுறை பார்க்கிறேன். கொசு முட்டையிடாதபடி நாள்தோறும் கொட்டி மாற்றுகிறேன்.

மின் வயர்தான் இரவு நேரத்து நெடுஞ்சாலை. வண்டிக்குள் நுழையுமிடத்துக்குச் சற்றுமுன் வயரில் பிளாஸ்டிக் டேப்பை நான்கு விரல் அகலம் சுற்றி, அந்த டேப்பின்மேல் வாசலின் தடவுகிறோம். தண்ணீர்க் குழாய்க்கும் கயிறுகளுக்கும் அப்படியே. நேரடியாக ரப்பரில் தடவினால் ரப்பர் நாளடைவில் ஊறிக் கெடும். டயரில் கிரீஸ் பூசவே கூடாது. தூசி படிந்ததும் வாசலின் மேல் எறும்பு நடக்கத் தொடங்கிவிடும். டேப்பை உரித்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். சக்கரத்துக்கு இன்றுவரை முழுமையான தீர்வு கிடைக்கவில்லை. புல்லைத் தவிர்த்துப் பாறை அல்லது சிமெண்டுக் களத்தில் நிறுத்துகிறோம். அந்தி நேரத்தில் சக்கரத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கிறோம். வேவு பார்க்க வந்த எறும்பு விட்டுச்சென்ற வாசனைத் தடம் இதில் அழிந்துபோகிறது. உள்ளே ஒரு வரிசை தெரிந்தாலும் இதே துணிதான் முதலில் எடுக்க வேண்டியது.

வண்டியின் உடலில் உள்ள ஓட்டைகளைச் சிலிக்கான் பசையால் அடைத்தோம். குழாய் நுழையும் துளைகளுக்கு முதலில் எஃகு நார், அதன்மேல் பசை. செலவுக்கு மிகத் தகுந்த வேலை இது. ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து அடைக்காதீர்கள்: எரிவாயு சிலிண்டர் அறையின் தரையிலுள்ள காற்றுத் துளை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழ்வழியாகத்தான் வெளியேற வேண்டும். அங்கே மெல்லிய எஃகு வலை பொருத்தினோம். கொசுவலைக் கண்ணில் சித்தெறும்பு தாராளமாக நுழைகிறது, இன்னும் நெருக்கமான வலை வேண்டும். தூசி அடைக்காமல் அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யவும் வேண்டும்.

வீட்டு முற்றத்தில் நிறுத்திய பிறகும் வேனுக்குள் எறும்பு நடமாடினால், சுவர்ப்பலகை இடுக்கில் குடியேறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அப்போது போரிக் ஆசிட் இரை. 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் பவுடர். போரிக் அளவைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும். கூட்டுக்குக் கொண்டுபோய் ஊட்டாது. பஞ்சில் நனைத்து, எறும்பு மட்டும் நுழையும் துளையிட்ட மூடிய டப்பாவில், குழந்தைக்கும் தேனீக்கும் எட்டாமல் வைக்க வேண்டும். பல நாள் பிடிக்கும். இரண்டு இரவுத் தங்கலுக்கு இதனால் பயனில்லை.

உணவில் எங்களுக்குச் சோதனை பழனிப் பஞ்சாமிர்தம். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சம்பழம் எல்லாம் சேர்ந்தது. டப்பாவைத் திறந்த சிறிது நேரத்தில் வரிசை வந்துவிடும். திறந்ததும் ரப்பர் வளையமுள்ள திருகுமூடி எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, வெளிப்புறத்தைத் துடைத்து வைக்கிறோம். சர்க்கரை, பால்பொடி, மாமியாரின் பொரிவிளங்காய் உருண்டை எல்லாம் அதே முறையில். அட்டைப்பெட்டி, கவர் எதுவும் எறும்புக்குத் தடையாவதில்லை.

பூம்பாறை, மன்னவனூர் என மேல்மலைக்குப் போனால் தொல்லை வெகுவாகக் குறைகிறது. ஜனவரிக் குளிரில் இரவு எறும்பையே காணோம். உச்சிவெயிலில் மட்டும் சில வரும்.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரியாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022-இல் நத்தம் அருகே கரந்தமலையைச் சுற்றிய ஊர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடு மாடுகளின் கண்களைப் பாதித்து, மக்களைத் தவிக்க வைத்தது. ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிற எறும்பு அது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களில் ஒன்றாகப் பட்டியலில் இருக்கிறது. மண், தொட்டிச் செடி, விறகு, வாகனம் வழியாகத்தான் இத்தகைய எறும்புகள் ஊர் மாறுகின்றன. நம் வேன் சமவெளியில் எங்கெங்கோ நின்றுவிட்டுத்தான் மலையேறுகிறது. அதனால் விறகையும் செடியையும் வண்டியில் ஏற்றுவதில்லை. வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை தொடங்கும் முன் சக்கர வளைவு, ஜாக்கித் தட்டு, மடித்த கூரைத்துணி மூன்றையும் உதறிச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுத்தான் ஏறுகிறோம். மலையிறங்கும் நாளிலும் களத்தை விட்டுக் கிளம்புமுன் அதே வேலையைச் செய்கிறோம்.