மும்பை வீட்டு ஹாலுக்கு இளமஞ்சளா, கிரீமா?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு வர்ணம் பூசும் பேச்சு எழுந்தால், ஹாலுக்கான போட்டி பெரும்பாலும் மூன்று நிறங்களுக்குள் வந்து நிற்கிறது: கிரீம், சிவப்புச் சாயல் சற்றே கலந்த இதமான இளமஞ்சள், பச்சைச் சாயல் கொண்ட எலுமிச்சை மஞ்சள். மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நம் வீடுகளில் பரவலாக எரியும் 6500 கெல்வின் டியூப்லைட்டின் நீலம் மிகுந்த ஒளியில் அதன் பச்சைச் சாயல் மேலோங்கி, அறையே சோகை பிடித்தது போலாகிவிடும்.

மற்ற இரண்டில் எதைத் தேர்வது என்பதை ஜன்னல்தான் தீர்மானிக்க வேண்டும். வடக்கு பார்த்த ஹாலில் நேர்வெயில் குறைவு. அதிலும் எதிர்க்கட்டடம் நெருங்கி நின்று வானத்தை மறைத்துவிட்டால், அதன் சாம்பல் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமே உள்ளே வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைமூட்டத்தில் அந்த வெளிச்சமும் மங்கும்போது, கிரீம் அழுக்கேறிய வெள்ளையாகத் தெரிகிறது. இளமஞ்சளோ தன் இதத்தை இழப்பதில்லை. மேற்கு பார்த்த ஹாலில் நிலைமை நேர்மாறானது. மாலை வெயிலே செம்மஞ்சளாக இருப்பதால், அங்கே இளமஞ்சள் கனத்துப்போய் ஆரஞ்சை நெருங்கும், கிரீம் போதும்.

இளமஞ்சளை விரும்புவோர் அதிகம் ஏமாறுவது ஷேட் கார்டில்தான். நான்கு சுவர்களும் ஒரே நிறத்தில் இருக்கும் சிறிய அறையில், ஒரு சுவரில் பட்ட ஒளி தன் நீலத்தை இழந்து அடுத்த சுவருக்குப் போய், அங்கே மீண்டும் சிறிது நீலத்தை இழக்கிறது. அதனால் விரல் அளவு அட்டையில் மென்மையாகத் தோன்றிய மஞ்சள், சுவரில் இரண்டு மடங்கு அழுத்தமாகத் தெரிவது போலிருக்கும். பிடித்த ஷேடைவிட ஒன்றிரண்டு படி வெளிறியதை வாங்குவதே சரி. சாம்பிள் டப்பா வாங்கி, இரு சுவர்கள் சந்திக்கும் மூலையில் இரண்டு கோட் அடித்து, பகலிலும் டியூப்லைட்டிலும் பார்த்துவிடுவது நல்லது. கிரீமுக்கு இவ்வளவு கவலை வேண்டியதில்லை. அதன் பெரிய பலமே அதுதான்.

பராமரிப்பில் இளமஞ்சள் சற்று முந்துகிறது. மேல்மாடிக் கசிவு விட்டுச்செல்லும் பழுப்புக் கறை கிரீமில் உடனே கண்ணில் குத்தும். மஞ்சளில் ஓரளவு அடங்கும். ஆனால் கதவு, ஜன்னல் சட்டங்களுக்குக் கிரீம் எனாமலே மேல், ஏனெனில் எண்ணெய் எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் காலப்போக்கில் தானாகவே மஞ்சளேறும், கிரீமில் அந்த மாற்றம் தெரியாது. வெயில் படும் பால்கனிச் சுவருக்கு மஞ்சளே வேண்டுமென்றால், இரும்பு ஆக்சைடு நிறமி கலந்த மண்மஞ்சள் சாயலைக் கேட்க வேண்டும். அது எளிதில் வெளுக்காது. பழைய மஞ்சள் பெயின்டுகளில் ஈய குரோமேட் என்ற நச்சு நிறமி கலந்திருப்பதுண்டு. இந்திய விதிகள் 2017 நவம்பர் முதல் ஈயத்தை 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவுக்குள் கட்டுப்படுத்துகின்றன என்றாலும், பழைய பூச்சை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது.

தரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். பழைய கட்டடங்களின் பச்சை கலந்த சாம்பல் நிறக் கோட்டா கல்லுக்கு இளமஞ்சள் நன்றாகவே ஒத்துப்போகிறது. தந்த நிற டைல்ஸ் போட்ட வீட்டிலோ சுவரும் தரையும் ஒன்றோடொன்று கலந்து சப்பென்றாகிவிடும். தஞ்சாவூர் ஓவியம் தொங்கும் சுவருக்கு மட்டும் நான் எந்த மஞ்சளையும் பரிந்துரைக்க மாட்டேன்: தங்கத் தகட்டின் மினுமினுப்பு அதில் அமுங்கிவிடுகிறது, கிரீமிலோ எடுப்பாக நிற்கிறது.