ஜாவாவில் காசை அச்சிட: ஸ்ட்ரிங்.ஃபார்மேட்டா, டெசிமல்ஃபார்மேட்டா?

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு மளிகைக் கடைக்கு ஜாவா நிரல்மொழியில் ரசீது மென்பொருள் எழுதியபோது, எண்ணைச் சுருக்கி எழுத்தாக்கித் தரும் ஸ்ட்ரிங்.ஃபார்மேட், டெசிமல்ஃபார்மேட் என்ற இரண்டு கருவிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. டெசிமல்ஃபார்மேட் பக்கம் சாய்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

எழுத எளிது ஸ்ட்ரிங்.ஃபார்மேட்தான். ஒரே வரியில் வேலை முடியும், ஆயிரத்துக்குக் காற்புள்ளியும் போடும். அதைப் பற்றி அவ்வளவுதான்.

தகராறு அரைக்காசில் வருகிறது. 0.125ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் ஸ்ட்ரிங்.ஃபார்மேட் 0.13 தரும், டெசிமல்ஃபார்மேட் 0.12 தரும். முன்னது பாதி வந்தால் மேலே ஏற்றும், பின்னது இரட்டை எண் பக்கம் போகும். இரண்டும் ஆவணத்தில் உள்ளபடியே. சரி, 50 காசு மிட்டாய்க்கு 9 விழுக்காடு ஜிஎஸ்டி வரி போடுங்கள்: 4.5 காசு, அதாவது 0.045 வெள்ளி. டபுளில் (எண்ணை இரும வடிவில் வைக்கும் ஜாவா வகை) கணக்கிட்டால் முன்னது 0.05, பின்னது 0.04. சுருக்கும் விதியை ஹாஃப் அப் (பாதி என்றால் மேலே) என்று மாற்றினாலும் டெசிமல்ஃபார்மேட் 0.04 என்றே சாதிக்கும். 0.045 இரும எண்ணில் சரியாக அடங்காது, உள்ளே இருப்பது அதற்கு இம்மியளவு குறைவு. டெசிமல்ஃபார்மேட் அந்த உண்மை மதிப்பைப் பார்க்கிறது. ஸ்ட்ரிங்.ஃபார்மேட்டோ 0.045 என்று எழுத்தில் தெரிவதை வைத்துச் சுருக்குகிறது. ‘பாதி என்றால் மேலே’ என்ற ஆவண வரியை மட்டும் நம்பினால் இது பிடிபடாது.

டெசிமல்ஃபார்மேட்டும் யோக்கியம் இல்லை. ஜேடிகே (ஜாவாவின் மென்பொருள் தொகுப்பு) 7ஆம் பதிப்பில் 0.8055ஐ மூன்று தசமத்துக்குச் சுருக்கினால் அது 0.806 என்றது, உள்ளே இருப்பது 0.80549 சொச்சம், ஆவண விதிப்படி 0.805தான் வந்திருக்க வேண்டும். 2014இல் வந்த ஜேடிகே 8 அதைத் திருத்தியது. திருத்தம் நியாயம்தான், ஆனால் ஜேடிகே ஏற்றியதும் பழைய ரசீதும் புதியதும் ஒத்துப்போகாவிட்டால் கணக்காளரிடம் யார் விளக்குவது?

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புதான். தொகையை முதலிலிருந்தே பிக்டெசிமலில் (எண்ணைத் தசமமாகவே வைக்கும் ஜாவா வகை) வைத்தால் இரும எண் சிக்கல் ஒழிந்தது. டெசிமல்ஃபார்மேட்டில் ஹாஃப் அப் அமைத்தால் இரண்டுமே 0.05 தரும். அப்புறம் ஏன் டெசிமல்ஃபார்மேட்? சுருக்கும் விதி நிரலில் பெயரோடு கண்ணெதிரே நிற்கிறது. எனக்குப் பின் வருபவர் ஆவணத்தைத் தோண்ட வேண்டாம், விதி மாறினால் ஒரு வரி மாற்றினால் போதும். பல திரெட்கள் (நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஒரே டெசிமல்ஃபார்மேட் பொருளைப் பகிரக்கூடாது, அதை மட்டும் கவனிக்கணும்.

சென்னைக்கும் பில் அடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 12,34,567 என்று லட்சக் கணக்கில் டெசிமல்ஃபார்மேட் பிரிக்காது. வடிவத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தாலும் கடைசிக் காற்புள்ளியை மட்டும்தான் மதிக்கும். ஐசியு4ஜே என்ற தனி ஜாவா நிரல் நூலகம் அதைச் செய்யும்; அதை நான் லேசாகத் தொட்டுப் பார்த்ததோடு சரி, கடையில் ஓடவிட்டதில்லை.