பின்பக்க ஏர் ஸ்பிரிங்: மூன்று வருடமும் ஓர் இடது பையும்

போன வாரம் என் வண்டியின் பின்பக்க ஏர் ஸ்பிரிங்கில், அதாவது காற்று அடைத்த ரப்பர் பையில், இடது பக்கத்து ஏர் குழாயைக் கழற்றி மாட்டினேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் நண்பரிடமிருந்து போன். "அண்ணே, ட்ரெய்லர் மாட்டினா என் வண்டி பின்னால உக்காந்துடுது. உங்க வண்டியில இருக்கிற மாதிரி ஏர் ஸ்பிரிங் போட்டுரட்டுமா?" போடு என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது.

என் வண்டி டபுள் கேப் பிக்கப், பின்னால் ஸ்பிரிங்காக அடுக்கு இரும்புப் பட்டை (லீஃப் பட்டை). இழுப்பது இரண்டு ஆக்சில் ட்ரெய்லர். அதன் மேல் ஒரு சின்ன டிராக்டர், கலப்பை, டீசல் கேன்கள். எல்லாம் சேர்த்து 2,400 கிலோ. அதில் டோ பாலின் மேல், அதாவது ட்ரெய்லரை மாட்டுகிற இரும்புக் குண்டின் மேல், இறங்குவது 260 கிலோ. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் பாலின் மேல் இருக்க வேண்டும் என்பது ட்ரெய்லர் இழுக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அது குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். வண்டி உட்காருகிறதே என்று டிராக்டரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

260 கிலோதானே, தொட்டியில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்த எடைதானே என்றுதான் தோன்றும். ஆனால் பால் இருப்பது பின் ஆக்சிலுக்கும் பின்னால். டேப் வைத்து அளந்தேன். முன் ஆக்சிலிலிருந்து பின் ஆக்சிலுக்கு 3.2 மீட்டர், அங்கிருந்து பாலுக்கு 1.25 மீட்டர். கடப்பாரை போட்டு நெம்புகிற மாதிரி, பின் ஆக்சிலில் ஊன்றிக்கொண்டு அந்த 260 கிலோ வண்டியின் மூக்கைத் தூக்குகிறது. முன் ஆக்சிலில் ஏறக்குறைய 100 கிலோ குறைகிறது, பின் ஆக்சிலில் 360 கிலோ ஏறுகிறது. ஸ்டீயரிங் லேசாகிப் போவதும், வளைவில் வண்டி வெளிப்பக்கமாக ஓடப் பார்ப்பதும், எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டை அடித்துக் காட்டுவதும் இதனால்தான். என் ஹெட்லைட் லோ பீமில் இருந்தும் மரக்கிளையைத் தேடிக்கொண்டிருந்தது. பின் சக்கர வளைவு சரியாக 75 மி.மீ. இறங்கியிருந்தது. சின்னப் பள்ளத்துக்கெல்லாம் ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் (சேஸிக்கு அடியில் இருக்கும் தடுப்பு ரப்பரில்) போய் 'டம்' என்று இடிக்கும். அந்த இடி முதுகுத்தண்டு வரைக்கும் ஏறும்.

பட்டறையில் பம்ப் ஸ்டாப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சேஸிக்கும் ஆக்சிலுக்கும் நடுவே பக்கத்துக்கு ஒரு ரப்பர் பை வைத்தார்கள். இரண்டு மடிப்புப் பை. சேஸியில் துளை போடவில்லை, இருக்கிற போல்ட் துளைகளிலேயே பிராக்கெட் உட்கார்ந்தது. இரண்டு பைக்கும் சேர்த்து ஒரே வால்வு வைத்துவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குழாயை ஒன்றாக இணைத்தால் வளைவில் திரும்பும்போது எடை ஏறுகிற பையிலிருந்து காற்று மறுபக்கத்துப் பைக்கு ஓடிவிடும், வண்டி இன்னும் சாயும். இடது தனி, வலது தனி என்று இரண்டு வால்வு வைக்கச் சொன்னேன். இந்த மூன்று வருடத்தில் நான் எடுத்த நல்ல முடிவு என்றால் அது ஒன்றுதான்.

முதல் நாள் ராத்திரி ஓட்டியது இன்னும் நினைவில் இருக்கிறது. ட்ரெய்லர் மாட்டி, பைக்கு 35 பி.எஸ்.ஐ. ஏற்றினேன். 75 மி.மீ. இறங்கியிருந்த வண்டி 20 மி.மீ. இறக்கத்தில் வந்து நின்றது. வெளிச்சம் தார் ரோட்டின் மேல் விழுந்தது. அந்த வண்டியில் பாரத்தோடு அப்படி வெளிச்சம் விழுந்து நான் பார்த்ததே இல்லை. ஒருவர்கூட லைட் அடித்துக் காட்டவில்லை. ரயில்வே கேட்டில் தண்டவாளம் ஏறி இறங்கியபோது வழக்கமான இடிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், இடி வரவே இல்லை. வண்டி மெத்தென்று அமுங்கி எழுந்தது. பத்து நிமிடத்தில் தோள் இரண்டும் தளர்ந்தன. அதற்கு முன்னால் எவ்வளவு விறைத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த விஷயத்தில் பைக்கு முழு மதிப்பெண். இதில் எனக்கு இன்றுவரை குறை இல்லை.

குறையெல்லாம் காற்றில்.

இரண்டாவது மாதத்தில் ஆரம்பித்தது. ராத்திரி 35 வைத்துவிட்டுப் படுத்தால் காலையில் வலது 33, இடது 27. அந்த வலது பக்கத்து 33 கசிவு இல்லை. பைக்குள் இருக்கும் காற்று ரொம்பக் கொஞ்சம். டயரில் காற்றழுத்தம் பார்க்கிற கேஜ் வைத்தால் 'புஸ்' என்று போகும் காற்று ஒரு பொருட்டே இல்லை, பையில் அதே 'புஸ்'ஸுக்கு 2 பி.எஸ்.ஐ. போய்விடும். இது தெரியாமல் நான் ஒரு மாதம் இரண்டு பக்கமும் கசிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சரிபார்க்கிற ஒவ்வொரு தடவையும் காற்று இறங்கும், இறங்கியதற்காக மறுபடி ஏற்ற வேண்டும், சரியாக ஏறியதா என்று பார்க்கப் போனால் திரும்பவும் இறங்கும்.

இடது பக்கம் நிஜமான கசிவு. கேஜில் போன இரண்டைக் கழித்தால் ஆறு பி.எஸ்.ஐ., அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்கலாம். பாரம் இல்லாமல் ஓடும்போது பையில் 5 பி.எஸ்.ஐ.தான் வைப்பது. அதற்கு மேல் வைத்தால் வெறும் வண்டி மரவண்டி மாதிரி குலுங்கும். ஆனால் அந்த ஐந்து பி.எஸ்.ஐ.யாவது இருந்தே ஆக வேண்டும். காற்றே இல்லாத பையோடு பள்ளத்தில் இறங்கினால் ரப்பர் இரண்டு தட்டுக்கும் நடுவே சிக்கி மடிந்து நசுங்கும், அதோடு பை போயிற்று. என் இடது பையில் ஐந்து பூஜ்யமாக ஒரு நாள் போதும். ட்ரெய்லர் இழுக்காத நாளிலும், கடைக்குப் போய்விட்டு வரும் நாளிலும், காலையில் சைக்கிள் பம்பும் கையுமாக வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பேன். மழையிலும் உட்கார்ந்திருக்கிறேன். பாரம் இழுக்கச் சௌகரியம் என்று போட்ட பொருள், பாரம் இழுக்காத நாளிலும் ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் கோபம் வராதா?

முதல் தடவை பட்டறையில் வால்வு ஊசியை மாற்றினார்கள். ஒரு வாரம் சரியாக இருந்த மாதிரி இருந்தது, பிறகு பழைய கதை. இரண்டாவது தடவை பையில் திருகுகிற இணைப்பைக் கழற்றி மரையில் டேப் சுற்றி இறுக்கினார்கள். அதிலும் தீரவில்லை. "ரப்பர்னா அப்படித்தான் சார், கொஞ்சம் குறையும்" என்றார்கள். வலது பக்கம் குறையவில்லையே என்று கேட்டேன், பதில் இல்லை. இரண்டு பையும் ஒரே வால்வில் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக்கூட என்னால் கேட்டிருக்க முடியாது.

போன வாரம் நானே வண்டிக்கு அடியில் படுத்தேன். பட்டையை எல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, காற்றை 60 வரை ஏற்றி, சோப்புத் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி எங்கும் அடித்தேன். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒன்றும் இல்லை. குழாய் பைக்குள் நுழைகிற இணைப்பு சேஸிக்கு உட்பக்கம் மறைந்திருக்கிறது, தலை போகாது. போனில் டார்ச்சைப் போட்டு கையை மட்டும் உள்ளே நீட்டி வீடியோ எடுத்தேன். வெளியே வந்து பார்த்தால் இணைப்பின் கழுத்தில் கடுகு கடுகாக நுரை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு முத்து ஊதிப் பெருத்து உடையும், அதே இடத்தில் அடுத்தது கிளம்பும்.

குழாயை உருவினேன். முனை சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. கட்டிங் பிளையரால் நறுக்கியிருக்கிறார்கள், ஒரு பக்கம் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தது. முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு, நகத்தால் தடவினால்தான் தெரிகிற ஒரு கீறல். அந்த மாதிரி அழுத்திச் செருகும் இணைப்பில் காற்றை நிறுத்துவது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம். அது குழாயின் வெளித்தோலைக் கவ்விப் பிடிக்கிறது. வெளித்தோலில் கீறல் இருந்தால் அதுவே காற்றுக்கு வாய்க்கால். போதாததற்கு, இணைப்பை விட்டு வெளியே வந்த உடனே குழாயை இழுத்து வளைத்து சேஸியோடு பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டியிருந்தார்கள். குழாய் சாய்ந்து நின்றதால் வளையம் ஒரு பக்கம் மட்டும் அழுந்தியிருந்தது.

இரண்டு சென்டிமீட்டர் நறுக்கி எறிந்தேன். புது பிளேடு போட்ட கத்தியால் செங்குத்தாக, ஒரே வெட்டு. முனையில் பிசிறு எடுத்து, அடியில் முட்டும் வரை அழுத்திச் செருகினேன். முதல் டையை ஒரு சாண் தள்ளிப் போட்டு, குழாய் இணைப்பிலிருந்து நேராக வெளியே வரும்படி விட்டேன். மொத்தம் இருபது நிமிட வேலை. மூன்று வருடம் நான் வண்டிக்குப் பின்னால் குந்திக் கிடந்ததற்குக் காரணம் ஒரு சாய்வான வெட்டு. பையைத் திட்டியிருக்கிறேன், ரப்பரைத் திட்டியிருக்கிறேன். நியாயமாகச் சொன்னால் இரண்டின் மேலும் தப்பில்லை. மூன்று வருடச் சேற்றுக்கும் கல்லுக்கும் பிறகு பையைத் துடைத்துப் பார்த்தேன், மடிப்பில்கூட ஒரு வெடிப்பு இல்லை.

நண்பருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. வண்டி நிமிர்ந்துவிட்டதால் வண்டியின் தாங்கும் திறன் கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஆக்சில், சக்கரம், பிரேக், சேஸி எல்லாம் பழையவைதான். கம்பெனி எழுதிக் கொடுத்த எடை வரம்பு ஒரு கிலோகூட ஏறவில்லை. லீஃப் பட்டை எடையை முன் முனைக் கண், பின் முனையைத் தாங்கும் ஷாக்கிள் என்று சேஸியின் இரண்டு இடத்துக்குப் பிரித்துக் கொடுக்கிறது. பை, ஆக்சிலுக்கு நேர் மேலே ஒரே இடத்தில் முட்டுக் கொடுக்கிறது. பின்னால் பாலில் எடை கீழே அழுத்த, நடுவில் பை மேலே தள்ள, மோசமான ரோட்டில் அதிகக் காற்றோடு ஓட்டினால் சேஸியே வளைந்துபோக வாய்ப்பு உண்டு.

அதேபோல, முன் ஆக்சிலிலிருந்து போன அந்த 100 கிலோவைப் பை திருப்பித் தராது. மூக்கு கீழே இறங்கினதும் எடையும் திரும்பி வந்துவிட்டது என்று நானும் ஒரு வருடம் நம்பினேன். அதைத் திருப்பி அனுப்புவது எடை பகிரும் ஹிட்ச்சின் (வண்டியையும் ட்ரெய்லரையும் சேர்க்கும் தனி வகை இணைப்பின்) வேலை. அதன் வில் கம்பிகள்தான் எடையை முன்னுக்குத் தள்ளும். இப்போது முதலில் அந்த ஹிட்ச்சை மாட்டி, முன் சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் பைக்குக் கொஞ்சம் காற்று வைக்கிறேன். 20 பி.எஸ்.ஐ.யிலேயே வேலை முடிந்துவிடுகிறது. காற்றை அதிகம் ஏற்றினால் கம்பிகள் தளர்ந்து ஹிட்ச் வேலை செய்யாது.

இன்னொன்றைச் சொல்லிக் கொடுத்தது வேறொரு மெக்கானிக் அண்ணன். என்னை வண்டிக்கு அடியில் கூப்பிட்டு, ஆக்சிலிலிருந்து சேஸிக்குப் போகிற ஒரு ஒல்லிக் கம்பியைத் தொட்டுக் காட்டினார். "இது பின் பிரேக் வால்வுக்குப் போகுது. வண்டி எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாத்துத்தான் பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். நீங்க பையை வச்சுத் தூக்கிட்டா, பாரமே இல்லன்னு அது நெனச்சுக்கும்." நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது. எல்லா பிக்கப்பிலும் இந்த வால்வு கிடையாது, என்னுடையதில் இருக்கிறது. அதனால்தான் பாரத்தோடு நான் வண்டியை முழு மட்டத்துக்குத் தூக்குவதே இல்லை. அந்த 20 மி.மீ. இறக்கம் அப்படியே இருக்கட்டும். நண்பர் தன் வண்டிக்கு அடியில் ஒரு தடவை படுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

ஷாக் அப்சார்பர் பழையதாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். பை தள்ளுகிற வேகத்துக்குப் பழைய ஷாக் பிடித்து நிறுத்தாது, மேடு ஏறி இறங்கியதும் வண்டி இரண்டு மூன்று தரம் குதிக்கும்.

ஆக, போடலாமா? நண்பர் இழுப்பது எப்போதும் ஒரே ட்ரெய்லர், ஒரே எடை. அவருக்கு ஏர் ஸ்பிரிங் வேண்டாம். பம்ப் ஸ்டாப் இருக்கிற இடத்தில் உட்காருகிற கட்டி ரப்பர் ஸ்பிரிங் போதும். காற்று, குழாய், வால்வு எதுவும் கிடையாது, மாட்டிவிட்டு மறந்துவிடலாம். தினம் குந்தி உட்காருகிற வேலையை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனசு வரவில்லை. போனில் இதையே சொன்னேன். "அப்ப நீங்க கழட்டிடப் போறீங்களாண்ணே?" என்றார்.

மாட்டேன் என்றேன். அந்த முதல் ராத்திரி வெளிச்சம் ரோட்டில் விழுந்ததைப் பார்த்தவன் நான்.

குழாயை வெட்டி மாட்டி ஆறு நாள் ஆகிறது. அன்று ட்ரெய்லர் மாட்டின நிலையிலேயே இரண்டு பக்கமும் 35 வைத்துவிட்டு, வேண்டுமென்றே கேஜைத் தொடாமல் விட்டேன். இன்று காலை எழுந்ததும் நேராகப் போய்ப் பார்த்தேன். வலது 33. இடது 33.