வாஷர் குழாயா, செராமிக் குழாயா: சொட்டத் தொடங்கிய பிறகு எது எளிது?

வீட்டில் இருந்த பழைய குழாய்கள் பலவற்றை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, ரப்பர் வாஷர் வைத்த திருகுக் குழாய்களை வாங்குவதா, கால் சுற்றில் திறந்து மூடும் செராமிக் டிஸ்க் குழாய்களை வாங்குவதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. கைகழுவும் தொட்டியைத் தவிர மற்ற எல்லா இடங்களுக்கும் வாஷர் குழாயையே தேர்ந்தெடுத்தேன். புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் செராமிக் பக்கம் சாயும் காலம் இது என்பதால், அந்த முடிவுக்கான காரணங்களை விரிவாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் அறிந்த வேறுபாடுகளை முதலில் சொல்லிவிடலாம். செராமிக் குழாய் விரைவாகத் திறக்கும், மூடுவதற்குக் கைவலிமை தேவையில்லை, பார்வைக்கும் நேர்த்தியாக இருக்கும். வாஷர் குழாயைப் பல சுற்றுத் திருக வேண்டும். காலப்போக்கில் சற்று இறுக்கமாக மூட வேண்டியும் வரும். புதிதாக இருக்கும்போது இரண்டுமே ஒழுகாது. ஆகவே ஒப்பிட வேண்டியது, சொட்டத் தொடங்கிய பிறகு அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான். ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒரு நாளில் 21 லிட்டருக்கும் மேல் வீணாகிறது. பழுது பார்ப்பதைத் தள்ளிப்போடத் தூண்டாத குழாயே நல்ல குழாய் என்று நான் கருதுவது இதனால்தான்.

பழுதைக் கண்டறிவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூடிய பிறகும் குழாயின் வாய் வழியாகச் சொட்டினால் கோளாறு உள்ளே நீரை அடைக்கும் பகுதியில் இருக்கிறது; அதாவது வாஷர் குழாயில் வாஷரோ அது அமரும் சீட்டோ, செராமிக் குழாயில் டிஸ்க்குகளோ அவற்றுக்கு அடியில் உள்ள ரப்பர் வளையமோ பழுதாகியிருக்கும். வாய் வறண்டிருக்க, கைப்பிடிக்குக் கீழே தண்டைச் சுற்றி நீர் கசிந்தால், அதிலும் குழாய் திறந்திருக்கும்போது மட்டும் கசிந்தால், வாஷரைக் கழற்றிப் பார்ப்பது வீண்வேலை. அங்கே பார்க்க வேண்டியது தண்டைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் நட்டையும் அதனுள் இருக்கும் அடைப்பு நூலையும்தான். செராமிக்கில் அந்த வேலையை ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் செய்கிறது. வளைந்த நீண்ட கழுத்துள்ள குழாய்களில், மூடியதும் கழுத்தில் தங்கிய நீர் சிறிது நேரம் சொட்டி நின்றுவிடும், அது பழுதல்ல.

வாஷர் குழாயின் அமைப்பு மிகப் பழையது. திருகி மூடும் குழாய்க்கு 1845-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ரோதர்ஹாம் நகரில் காப்புரிமை பெறப்பட்டது. இன்று கிடைக்கும் வாஷர் குழாயின் உட்பகுதியும் அடிப்படையில் அதுவே. தண்டைத் திருகும்போது அதன் அடியில் உள்ள வாஷர் இறங்கி, பித்தளைச் சீட்டின் விளிம்பில் அழுந்தி நீரை நிறுத்துகிறது. பழுது பார்ப்பதும் அதே அளவுக்கு நேரானது. அந்தக் குழாய்க்கு நீர் வரும் கட்டுப்பாட்டு வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வெளியேற்றி, சிறு திருகு உள்ளே விழுந்துவிடாதபடி தொட்டியின் வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிட்டு, கைப்பிடியையும் பிறகு தலைப்பகுதியையும் கழற்ற வேண்டும். தலைப்பகுதியைக் கழற்றும்போது குழாய் முழுதாகத் திறந்த நிலையில் இருப்பது முக்கியம். மூடிய நிலையில் வாஷர் சீட்டோடு அழுந்தியிருப்பதால், ஸ்பானரைப் போட்டுத் திருப்பும்போது மரைக்கும் சீட்டுக்கும் தேவையற்ற சுமை ஏறும்.

கழற்றிய வாஷரை உடனே எறிந்துவிடாமல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் பழுதின் காரணத்தைச் சொல்லிவிடும் பொருள் அது. சுற்றிலும் ஒரே சீராக ஆழமான வளையத்தடம் விழுந்திருந்தால், தேவைக்கு மேல் இறுக்கி மூடும் பழக்கம் வீட்டில் இருக்கிறது. ரப்பர் கெட்டித்து, நகத்தால் அழுத்தினால் வெடிக்கும் நிலையில் இருந்தால், வெந்நீரோ வயதோ காரணம். வளையத்தடம் மற்ற இடங்களில் ஒழுங்காக இருந்து, ஓரிடத்தில் மட்டும் அறுந்தோ பிதுங்கியோ இருந்தால், சீட்டின் விளிம்பில் அதற்கு நேரான இடத்தில் ஒரு கீறலோ பள்ளமோ இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட குழாயில் எத்தனை புது வாஷர் போட்டாலும் சில வாரங்களில் மீண்டும் சொட்டும். சீட்டின் விளிம்பை விரல்நுனியால் மெல்லத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். சீட்டைச் சமப்படுத்துவதற்கென்றே ஒரு சிறு கைக்கருவி இருக்கிறது. அதை நேராகப் பொருத்தி, அதிகம் அழுத்தாமல் சில சுற்றுகள் மட்டும் சுற்றினால் போதும். பித்தளை மென்மையானது என்பதால், மிகையாகச் சுற்றினால் சீட்டே கரைந்துவிடும். தேய்த்த பிறகு வால்வைச் சற்றே திறந்து, உதிர்ந்த துகள்களை நீரோடு வெளியேற்றிவிட்டுத்தான் புது வாஷரைப் பொருத்த வேண்டும்.

கிளாண்ட் கசிவும் இப்படித்தான். முதலில் நட்டைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கிப் பார்க்கலாம். பல நேரங்களில் கசிவு அதிலேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் நட்டைக் கழற்றி, பழைய அடைப்பை எடுத்துவிட்டு, டெஃப்லான் டேப்பை நூல்போல முறுக்கித் தண்டைச் சுற்றி வைத்து மூடலாம். இந்த வேலைகள் எதற்கும் ஸ்பானரும் ஸ்க்ரூ டிரைவரும் தாண்டி அதிகம் தேவைப்படாது.

செராமிக் குழாயின் உள்ளே நடப்பது வேறு. அலுமினா என்ற செராமிக்கால் ஆன, கண்ணாடிபோல் மெருகேற்றிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி அமர்ந்திருக்கும். கீழ்த்தட்டு அசையாது, மேல்தட்டு தண்டோடு சேர்ந்து சுழலும். இரண்டின் துளைகளும் நேராக வரும்போது நீர் பாய்கிறது, விலகும்போது நிற்கிறது. அழுத்தி நசுக்கும் வேலை இல்லாததால், தெளிந்த நீரில் இது நெடுங்காலம் உழைக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மணல் அந்தத் தட்டுகளைக் கீறிவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதையும் அப்படியே ஏற்க முடியாது. எண் கூடக் கூடக் கடினமும் கூடும் மோஸ் அளவில் அலுமினா 9, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. ஆனால் இடையில் சிக்கிய ஒரு மணல்துகள் தட்டுகளை மயிரிழை அளவுக்குப் பிரித்து வைத்தாலே சொட்டுவதற்கு அது போதும். சிக்கிய நிலையில் வலிந்து திருப்பினால் தட்டின் விளிம்பு சில்லுப் பெயரும். கடின நீரில் படியும் சுண்ணாம்புப் படிவு தட்டுகளுக்கிடையே ஏறினால் கைப்பிடி மெல்ல மெல்ல இறுகும்.

அடைப்பும் படிவும் மட்டுமே காரணமாக இருந்தால் சரிசெய்துவிடலாம். தட்டுகளும் தண்டும் ஒன்றாக அமைந்த உட்பகுதியான கார்ட்ரிட்ஜைக் கழற்றி, நீர்த்த வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து, நன்றாக அலசி, ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிரீஸ் தடவிப் பொருத்தலாம். பெட்ரோலியம் சார்ந்த கிரீஸைத் தடவக் கூடாது. பல வகை ரப்பர்கள் அதில் உப்பிவிடும். தட்டே சில்லுப் பெயர்ந்திருந்தால் நம் கையால் ஆகக்கூடியது எதுவுமில்லை. தட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துமாறு மெருகேற்றப்பட்டவை என்பதால், ஒன்றை மட்டும் மாற்றவும் வழியில்லை. கார்ட்ரிட்ஜ் முழுவதையும் மாற்ற வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். வாஷரைப் பொறுத்தவரை அரை அங்குலக் குழாயா, முக்கால் அங்குலக் குழாயா என்று தெரிந்தால் பெரும்பாலும் போதும். யார் செய்த குழாய் என்பது பொருட்டே இல்லை. அவசரத்துக்கு, ஒரு பக்கம் தேய்ந்த தட்டை வாஷரைப் புரட்டிப் போட்டும் சில நாள் ஓட்டலாம். கார்ட்ரிட்ஜ் அப்படியல்ல. அதன் மொத்த நீளம், மரையின் விட்டம், தண்டின் தலையில் உள்ள பற்களின் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். தண்டில் 20 பற்கள் உள்ளவையும் 24 பற்கள் உள்ளவையும் உண்டு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், பொருத்தும்போதுதான் கைப்பிடி அமராது. வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் அருகருகே உள்ள இடங்களில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் திறக்குமாறு இருக்கலாம் என்பதால் இடது, வலது வேறுபாடும் வரும். நல்ல உடலும் நல்ல முலாமும் கொண்ட ஒரு குழாயை, அதன் மாடல் சந்தையிலிருந்து போய்விட்டது என்ற ஒரே காரணத்துக்காகக் கழற்றி எறிய நேர்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை. குழாய் என்பது சுவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் இருக்க வேண்டிய பொருள்; அதன் தேயும் பகுதி எங்கும் எளிதாகக் கிடைக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் எடையில் குறைந்தது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார். தொட்டி 3 மீட்டர் உயரத்தில் இருந்தால் 0.3 பார்தான் கிடைக்கும். செராமிக் தட்டின் சிறிய துளைகள் வழியாக அந்த அழுத்தத்தில் வாளி நிரம்ப நேரமாகும். அழுத்தம் கூடுதலாக உள்ள இணைப்பிலோ வேறொரு தொல்லை: கால் சுற்றில் சட்டென மூடும்போது ஓடும் நீர் திடீரென நின்று, குழாய்வழி 'டக்' என்று அதிர்கிறது. மெதுவாகத் திருகி மூடும் வாஷர் குழாயில் இது அரிது.

இவ்வளவுக்குப் பிறகும் கைகழுவும் தொட்டியில் செராமிக் குழாயையே வைத்தேன். ஈரக்கையாலும் சோப்புக் கையாலும் ஒரு நாளில் பலமுறை திறக்கப்படும் இடம் அது; முதியவர்களின் மூட்டுவலிக்கும் சிறுவர்களின் கைக்கும் ஏற்றது. வீட்டுக்கு வரும் நீர் தெளிந்ததாகவும் மென்மையாகவும் இருந்தால், நான் சொன்ன குறைகளில் பாதி எழாமலே போகலாம். சுவருக்குள் பதிக்கும் ஒற்றைக் கைப்பிடி மிக்ஸர்களை நான் அதிகம் கையாண்டதில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டை அவற்றுக்கும் நீட்டிச் சொல்லத் துணியமாட்டேன்.

செராமிக் குழாய்தான் வேண்டும் என்று முடிவுசெய்பவர்கள், குழாயைப் பொருத்துவதற்கு முன் குழாய்வழியை நன்றாக நீர்விட்டு அலசி, மரை வெட்டிய துகளும் சிமெண்டுத் துகளும் உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டி கழுவிய நாளில் முதலில் வாஷர் குழாய் ஒன்றைத் திறந்து கலங்கல் நீரை வெளியேற்றிவிட்டு, பிறகே செராமிக் குழாயைத் தொடுவது நல்லது. குழாய் வாங்கும்போதே அதற்குரிய கார்ட்ரிட்ஜ் ஒன்றையும் சேர்த்து வாங்கி, எந்தக் குழாய்க்கு உரியது என்று உறைமேல் எழுதி வைத்துவிடுங்கள்.