மீதி ஒயினைக் காரில் எடுத்துப் போகலாமா? கலிபோர்னியா, நியூயார்க், புளோரிடா

ஒரு ஒயின் பாட்டில் 750 மில்லி. கோப்பைக்கு 150 மில்லி என்று ஊற்றினால் ஐந்து கோப்பை. சாப்பிட உட்கார்ந்த இருவரில் ஒருவர் காரோட்ட வேண்டும் என்றால் பாதி பாட்டில் மேசையிலேயே நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கியதை விட்டுவிட்டுப் போக மனம் வராது. வீணாகிறதே என்று கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுச் சாவியைக் கையில் எடுப்பவர்கள் உண்டு. மீதியை வீட்டுக்கு எடுத்துப் போக விடும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்களில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாகப் படுவது இதனால்தான்.

ஆனால் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் இன்னொரு சட்டமும் இருக்கிறது: ஓடும் காரில், உட்காரும் பகுதியில், திறந்த மது இருக்கக் கூடாது. இப்படி ஒரு சட்டம் போடாத மாநிலங்களுக்கான நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைச் சாலைப் பாதுகாப்புப் பணிகளுக்குத் திருப்பிவிடுவதென்று 1998-ல் மத்திய அரசு முடிவு செய்தது. அப்படியானால் கார்க் எடுத்த பாட்டில் வீட்டுக்கு எப்படிப் போவது? ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது.

கலிபோர்னியாவில் உணவகத்துக்குக் கெடுபிடி இல்லை. பாதி குடித்த ஒயின் பாட்டிலை வாடிக்கையாளர் எடுத்துப் போக அனுமதிக்கலாம், அவ்வளவுதான். பொறுப்பு முழுக்க நம் தலையில். கலிபோர்னியாவின் ஒயின் பகுதியான நாபாவில் ஒரு திருமண நாள் விருந்து முடிந்து கிளம்பும்போது, பரிமாறியவர் கார்க்கை உள்ளங்கையால் அழுத்தி மூடி, பாட்டிலை அப்படியே கையில் கொடுத்தார். மனைவி அதைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட வந்த நண்பர்தான் வண்டியைக் கிளப்ப விடாமல் தடுத்தார். கார்க்கை எவ்வளவு இறுக்கி மூடினாலும், ஒருமுறை திறந்து கொஞ்சம் ஊற்றிவிட்டால் கலிபோர்னியாவில் அது திறந்த பாட்டில்தான். டிக்கியில் வைக்க வேண்டும், டிக்கி இல்லாத வண்டி என்றால் ஆட்கள் வழக்கமாக உட்காராத பகுதியில் வைக்க வேண்டும். டாஷ்போர்டில் இருக்கும் க்ளவ் பாக்ஸ் உதவாது. அதையும் ஆள் உட்காரும் பகுதியாகவே அந்தச் சட்டம் கணக்கில் எடுக்கிறது.

நியூயார்க் வேலையை உணவகத்திடம் கொடுக்கிறது. முழுச் சாப்பாடு வாங்கி, அதோடு கொஞ்சம் ஒயினும் குடித்திருந்தால் ஒரு பாட்டிலை எடுத்துப் போகலாம். முழுச் சாப்பாடு எது என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும்: தட்டு, கரண்டி வைத்துச் சாப்பிடுவது, நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வசதியாகச் சாப்பிட முடியாதது. உணவகமே பாட்டிலை மூடி, பிரித்தால் பார்த்தவுடன் தெரிகிற பையில் போட்டு, தேதியிட்ட ரசீதும் தர வேண்டும். அப்படி மூடிய ஒயினைத் திறந்த மதுவாகப் போக்குவரத்துச் சட்டம் பார்ப்பதில்லை. இல்லினாய்ஸும் கிட்டத்தட்ட இதே வழிதான். அங்கே ஒருமுறை மட்டும் பயன்படும், உள்ளே இருப்பது தெரிகிற பை.

புளோரிடா இரண்டையும் சேர்த்துப் பிடித்தது. சாலட் அல்லது காய்கறி, முக்கிய உணவு, ஒரு பானம், ரொட்டி என்று சாப்பாட்டுக்கே பட்டியல் போட்டுத்தான் அந்தச் சட்டத்தை முதலில் எழுதினார்கள். ரொட்டி சாப்பிட்டோமா என்பதற்கும் சாலைப் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு என்று எனக்குப் புரியவே இல்லை. ஆனால் சீல் வைத்த பை, அதோடு ரசீது, காரில் வைக்கும் இடம் மூன்றையும் ஒன்றாகச் சொன்னது நல்ல வேலை. பூட்டிய டிக்கி சரி. பூட்டிய க்ளவ் பாக்ஸும் அங்கே சரி, டெக்சாஸிலும் அப்படித்தான். கலிபோர்னியாவில் பழகியவருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

மூன்றில் எது மேல்? என் ஓட்டு நியூயார்க்குக்கு. இரவு பதினொரு மணிக்கு வண்டியை நிறுத்தும் போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்தாலே பை பிரிக்கப்படவில்லை என்று தெரிந்துவிடும், ரசீதில் தேதி இருக்கும், வாக்குவாதத்துக்கு இடமில்லை. கலிபோர்னியா முறையில் விஷயம் தெரிந்தவர் தப்பிப்பார், தெரியாதவர் என் மனைவியைப் போலக் காலடியில் வைப்பார். மாநில எல்லையைத் தாண்டினால் அந்தப் பக்கத்துச் சட்டம்தான் செல்லும் என்பதால், நியூயார்க் பையையும் நான் டிக்கியில்தான் வைப்பேன்.

வாடகைக்கு எடுக்கும் எஸ்யூவி, ஹேட்ச்பேக் வண்டிகளில் தனி டிக்கி இருக்காது. அப்போது கடைசி இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இடம்தான். அங்கே பாட்டில் உருளும், கார்க் கசியும். ஒரு துண்டைச் சுற்றிப் பெட்டிகளுக்கு நடுவில் நிமிர்த்தி வையுங்கள். வீட்டுக்குப் போனதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாளைக்குச் சுவை பெரிதாக மாறாது.