க்யூ கையில் மாட்டிக்கொண்டால்: குட்டி ஆங்கில வார்த்தைகளோடு மூன்று வருடம்

ஆங்கில எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கி வார்த்தை கட்டும் ஸ்கிராபிளை ஆடத் தொடங்கிய புதிதில், பையிலிருந்து க்யூ எழுத்து வந்தாலே வயிற்றைக் கலக்கும். 100 காய்களில் க்யூ ஒன்றுதான், 10 புள்ளி, ஆனால் கூடவே வர வேண்டிய யூ மொத்தமே நாலு, அந்த நாலும் வேறெங்கோ செலவாகிவிட்டால் க்யூவைக் கையில் வைத்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆட்டம் முடியும்போது நமக்கு 10 கழியும், காய்களை முதலில் தீர்த்தவருக்கு அதே 10 கூடும். இந்த எரிச்சலில்தான் யூ இல்லாத க்யூ வார்த்தைகளைப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது வெறும் மனப்பாடம். பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினேன், இரண்டு வாரத்தில் பாதி மறந்தது, மீதி குழம்பியது. அப்புறம் ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுத ஆரம்பித்தபோதுதான் விஷயம் புரிந்தது: இவற்றில் பெரும்பாலானவை அரபியிலிருந்து வந்தவை. தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு ககரம் அந்த மொழியில் உண்டு, அதை ஆங்கிலத்தில் க்யூ போட்டு எழுதுகிறார்கள். கனாத் என்றால் ஈரானில் நிலத்துக்கு அடியில் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய், காத் என்றால் ஏமன் பக்கம் மெல்லும் இலை (க்யூ-ஏ-டி, மூன்றே எழுத்து), காதி என்றால் நீதிபதி. நிகாப், புர்கா, தலாக் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். பக்கீரும் இதில் உண்டு! தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே 'க' போட்டு எழுதிப் பழகியதால் உள்ளே ஒரு க்யூ ஒளிந்திருப்பது கண்ணில் படவே இல்லை. இது தெரிந்த பிறகு அந்தப் பட்டியலை நான் திரும்பப் படிக்கவே இல்லை. கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு, பக்கீர், புர்கா, காத் மூன்றையும் கே போட்டும் எழுதலாம், ஆட்டத்தில் அதுவும் செல்லும்.

க்யூ-ஐ என்ற ஈரெழுத்து வார்த்தை மட்டும் வேறு வகை. சீன மொழியில் உயிர்ச்சக்தி என்று பொருள், உச்சரிப்பு 'சீ'. எந்த வார்த்தைகள் ஆட்டத்தில் செல்லும் என்று சொல்லும் அமெரிக்கப் பட்டியலில் இதை 2006-இல்தான் சேர்த்தார்கள். ஆங்கில ஸ்கிராபிளில் இதைவிடப் பயனுள்ள ஈரெழுத்து வார்த்தை கிடையாது என்பது என் கட்சி. எழுத்து மதிப்பை மும்மடங்காக்கும் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் க்யூ-ஐ அமைந்தால் 31ம் 31ம் 62 புள்ளி, அதுவும் கையிலிருந்து இரண்டே காயில்.

கையில் உயிரெழுத்தாகக் குவியும்போது ஏ-ஏ கைகொடுக்கும். கரடுமுரடாக உறைந்த எரிமலைக் குழம்புக்கு ஹவாய் மக்கள் வைத்த பெயர், 'ஆ ஆ' என்று சொல்வார்கள், அதன்மேல் வெறுங்காலோடு நடப்பவன் கத்துகிற மாதிரியே இருப்பதால் மறக்கவில்லை. ஏ-ஐ என்றால் மூன்று விரல் கொண்ட ஸ்லாத் விலங்கு. ஓரெழுத்து ஒருமொழி 42 என்று படித்து வளர்ந்த நமக்கு (ஆ என்றால் பசு!) இரண்டு எழுத்தில் ஒரு விலங்கு அடங்குவது பெரிய அதிசயமில்லை. எக்ஸ் வரிசை சுலபம், எக்ஸ்-ஐ கிரேக்க எழுத்து, எக்ஸ்-யூ வியட்நாம் சில்லறைக் காசு. இசட்-ஏ என்பது பீட்சாவின் சுருக்கமாம், இதை மட்டும் இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டுதான் வைக்கிறேன்.

குறை என்றால் பட்டியல்கள் இரண்டு இருப்பதுதான். அமெரிக்காவுக்கு வெளியே பெரும்பாலும் பயன்படும் காலின்ஸ் பட்டியலில் ஈரெழுத்து வார்த்தைகள் 127, அமெரிக்கப் பட்டியலில் 107. நான் இரண்டையும் ஒரே நோட்டில் கலந்து எழுதிவிட்டேன், அதன் பலனை அமெரிக்கப் பட்டியலில் ஆடிய ஒரு முக்கியமான ஆட்டத்தில் அனுபவித்தேன். யாக்கும் மாடும் கலந்த கலப்பினத்துக்கான இசட்-ஓவை நம்பிக்கையோடு வைத்தேன், எதிராளி சந்தேகம் எழுப்பினார், அது காலின்ஸில் மட்டும் உள்ள வார்த்தை, என் முறை போச்சு. நீங்கள் எழுதுவதாக இருந்தால் தயவுசெய்து இரண்டு நிற மை பயன்படுத்துங்கள்.

அர்த்தமே வேண்டாம், எழுத்து போதும் என்பவர்களும் உண்டு. நியூசிலாந்து ஸ்கிராபிள் வீரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். சரி, அவர் மூளை அப்படி. எனக்குக் கதை இல்லாவிட்டால் எதுவும் ஒட்டாது, மூவெழுத்துப் பட்டியலில் நான் பாதியில் நிற்பதற்கும் அதுதான் காரணம், அது ஆயிரத்தைத் தாண்டும், அத்தனைக்கும் எங்கே போய்க் கதை தேடுவது?